அறிகுறி இல்லாத 43 வயது: தோட்டப்புறத்தில் ஓர் எச்.பி.வி. நிகழ்வு ஆய்வு

எச்.பி.வி. என்பது கருப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் மனித பாப்பிலோமா கிருமி; அதை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனை பற்றியது இந்த ஆய்வு. இதில் வரும் பெண் தனி ஒருவர் அல்லர். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரத்துத் தோட்ட நகரம் ஒன்றைக் களமாக வைத்து, அங்கு பெண்கள் பலர் கடக்கும் பாதையை ஒரே நிகழ்வாகக் கோத்து எழுதியிருக்கிறோம். மருத்துவ விவரங்கள் நடைமுறையில் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

நோயாளி

வயது 43. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை, நாள் சம்பளம். கணவர் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். 20 வயதில் திருமணம், மூன்றும் சுகப்பிரசவம். மூத்த மகளுக்கு 21, மகனுக்கு 17, கடைக்குட்டிக்கு 13. ஐந்தாண்டுகளாக இனிப்பு நீர் இருப்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகரத்து அரசாங்க கிளினிக்குக்கு மாத்திரை வாங்க வருவார். கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு ஒரே ஒரு பாப் ஸ்மியர் (கருப்பை வாயின் உயிரணுக்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) எடுத்திருக்கிறார். அதன் முடிவு அவருக்குத் தெரியாது. யாரும் கூப்பிடவில்லை என்பதால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டார்.

வலி இல்லை, இடையில் இரத்தப்போக்கு இல்லை. எப்போதாவது வெள்ளைப்படும், உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பார்.

அறிகுறி இல்லாத இந்த நிலைதான் பரிசோதனைக்கு உரிய காலம். உறவுக்குப் பின் இரத்தம் படுவது, மாதவிடாய் நின்றபின் இரத்தம் வருவது, துர்நாற்றத்தோடு நீர் வடிவது ஆகியவை பெரும்பாலும் புற்று உருவான பிறகே தோன்றுகின்றன. அப்படிப்பட்ட பெண்ணிடம் மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சியைக் கொடுத்து அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே கருவி வைத்துக் கருப்பை வாயைக் கண்ணால் பார்த்து, நேரே நிபுணரிடம் அனுப்ப வேண்டும். எச்.பி.வி. பரிசோதனை உடம்பில் குறை தெரியாதவர்களுக்கானது.

எதைத் தேடுகிறோம்

மனித பாப்பிலோமா கிருமியில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கருப்பை வாய்ப் புற்றோடு தொடர்புள்ளவை 14 என்று பரிசோதனைகள் கணக்கிடுகின்றன. அவற்றில் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே உலகின் கருப்பை வாய்ப் புற்றுகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணம். இந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய ஆய்வாளர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவு வாழ்க்கை தொடங்கிய பெரும்பாலோருக்கு இந்தக் கிருமி ஒருமுறையாவது தொற்றும். பத்தில் ஒன்பது பேரிடம் இரண்டு ஆண்டுகளுக்குள் தானே அடங்கிவிடும். அடங்காமல் தங்கிவிட்டால், அதன் ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்கள் உயிரணுவின் கட்டுப்பாட்டுப் பொறியை முடக்கிவிடும். அதிலிருந்து புற்று வர வழக்கமாக 10 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அந்த நீண்ட இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

குச்சி

மாத்திரை வாங்க வந்த நாளில், இரத்தம் எடுக்கும் வரிசையிலேயே மிஸ்ஸி (தாதி) பேச்சைத் தொடங்கினார். மலேசியாவில் சுகாதார அமைச்சின் கிளினிக்குகளில் 2019 முதல் கட்டம் கட்டமாக எச்.பி.வி. பரிசோதனை வந்திருக்கிறது, 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு, தொற்று இல்லை என்றால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளும் முறையை மலாயாப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலியக் கூட்டாளிகளோடு சேர்ந்து ‘ரோஸ்’ என்ற திட்டத்தில் 2018-இலேயே நடத்திப் பார்த்தது.

“படுக்கணுமா மிஸ்ஸி? டாக்டர் ஆம்பளையா?” என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

“படுக்க வேணாக்கா. நீங்களே டாய்லெட்ல எடுத்துட்டு வரலாம்.”

பல ஆண்டு தயக்கம் அந்த ஒரு பதிலில் போனது. ஆனால் குச்சியைக் கையில் கொடுத்து அனுப்புவதோடு வேலை முடிவதில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். புல்லுக்கு மருந்து அடித்துவிட்டு வந்தவரானால் இரண்டு முறை. பஞ்சு முனையைக் கையாலோ துணியாலோ தொடக் கூடாது. குந்தியோ ஒரு காலைத் திண்டில் தூக்கி வைத்தோ, குச்சியை ஒரு விரல் நீளம், ஏறத்தாழ 5 சென்டிமீட்டர், உள்ளே செலுத்த வேண்டும். கருப்பை வாயைத் தொட வேண்டிய கட்டாயமில்லை. கிருமியைச் சுமந்த உயிரணுக்கள் யோனிக்குள்ளேயே உதிர்ந்து கிடக்கும். இருபது எண்ணும் வரை மெதுவாகச் சுழற்றி, குழாயில் போட்டு மூடியை இறுக்க வேண்டும். மாதவிடாய் நாட்களில் எடுக்காதீர்கள். யோனிக்குள் மருந்து வைத்திருந்தால் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். வழவழப்புக்காக எண்ணெயோ ஜெல்லியோ தடவ வேண்டாம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் சின்ன விஷயங்களால். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்காது. பெண் அவசரத்தில் வாசலோடு நிறுத்திவிடுவார். குழாய் வைக்க உலர்ந்த இடம் இருக்காது. குச்சி ஈரத்தரையில் விழும். விழுந்ததைக் கழுவி மீண்டும் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. இரண்டாவது குச்சி கேட்கக் கூச்சம். அதனால் முதலிலேயே இரண்டு கொடுத்து, “கீழ விழுந்தா அதைத் தூக்கிப் போட்டுருங்க, இதை எடுத்துக்கங்க” என்று சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து அடையாளச் சீட்டு. லெட்சுமி என்ற ஒரே பெயரை ரூமி (மலாய் மொழிக்கான ரோமன்) எழுத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறார்கள். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் மூன்று பெண்கள் இருப்பதும் சாதாரணம். மைகார்டின் (அடையாள அட்டையின்) 12 இலக்க எண்ணைக் குழாயிலும் படிவத்திலும் ஒப்பிட்டுப் பார்த்து எழுதாவிட்டால் ஒருவர் முடிவு இன்னொருவருக்குப் போகும். மைகார்டே இல்லாத பெண்கள் தோட்டப்புறங்களில் இன்னும் இருக்கிறார்கள். பதிவுக்கு வழியில்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்புவது, அதிக ஆபத்தில் உள்ளவரையே விட்டுவிடுவதாகும்.

ஆய்வகத்தில் கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். முறையில் சோதிக்கும்போது, தானே எடுத்த மாதிரியும் மருத்துவர் எடுத்த மாதிரியும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு நம்பகமானவை. குழாயில் மனித உயிரணு போதாவிட்டால் ‘செல்லாது’ என்று முடிவு வரும். அதைத் ‘தொற்று இல்லை’ என்று பதிந்துவிடக் கூடாது. மறு மாதிரி வேண்டும்.

முடிவு வந்தது, பெண் வரவில்லை

மூன்றாவது வாரம்: எச்.பி.வி. 16 தொற்று உண்டு.

16 அல்லது 18 என்றால் நேரே கோல்போஸ்கோப்பிக்கு (கருப்பை வாயை உருப்பெருக்கியில் பார்க்கும் சோதனைக்கு) அனுப்ப வேண்டும். மற்ற 12 வகைகளில் ஒன்றென்றால் முதலில் பாப் ஸ்மியர் போன்ற உயிரணுப் பரிசோதனை; அதில் மாற்றம் தெரிந்தால் கோல்போஸ்கோப்பி, தெரியாவிட்டால் 12 மாதத்தில் மறுபடியும் எச்.பி.வி. பார்க்க வேண்டும். தானே எடுத்த குச்சியில் உயிரணுப் பரிசோதனை செய்ய இயலாது. அதற்குப் பெண் மீண்டும் வந்து படுத்தே ஆக வேண்டும். இதைக் குச்சி கொடுக்கும் நாளிலேயே சொல்லாவிட்டால், ‘படுக்க வேண்டாம்’ என்று சொன்னவர்கள் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்.

மிஸ்ஸி அழைத்த எண் வேலை செய்யவில்லை. பணம் போடாத பிரீபெய்ட் சிம், எண் செத்துவிட்டது. நல்லவேளையாகப் படிவத்தில் இரண்டாவது எண் இருந்தது, மூத்த மகளுடையது. மகளிடம் மிஸ்ஸி சொன்னது இவ்வளவே: “அம்மாவ அடுத்த வாரம் கிளினிக்கு வரச் சொல்லுங்க, என்னை வந்து பார்க்கணும்.” சரியாகச் செய்தார். இரண்டாவது எண்ணைப் பெண்ணே தேர்ந்தெடுக்க வேண்டும். மண்டோரின் (கங்காணியின்) எண்ணையோ தோட்ட அலுவலகத்தின் எண்ணையோ எழுதி வைப்பது எளிது, ஆனால் செய்யவே கூடாது. லயத்து வீடுகளில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். உடலுறவால் தொற்றும் கிருமி என்ற சொல் ஒருமுறை வெளியே போனால் அந்தப் பெண் வேறொரு தோட்டத்துக்கு மாறிப் போகும் அளவுக்கு நிலைமை கெடும்.

ஆறாவது வாரத்தில்தான் அவர் வந்தார். கேட்ட முதல் கேள்வி, “கேன்சரா மிஸ்ஸி?” இரண்டாவது, “இது அவரால வந்ததா?”

முதல் கேள்விக்குப் பதில் தெளிவாக, முதல் வாக்கியத்திலேயே வர வேண்டும்: “கேன்சர் இல்லக்கா. கேன்சரா மாறக்கூடிய கிருமி இருக்கு. மாறுறதுக்கு முன்ன பார்க்கத்தான் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்புறோம்.” இரண்டாவது கேள்வியை மழுப்புவது பெரிய தவறு, மழுப்பினால் அவர் வீட்டுக்குப் போய்த் தாமே விடை தேடுவார். இந்தக் கிருமி எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. திருமணத்தின் தொடக்கத்தில் வந்து இருபது ஆண்டுகள் அடங்கிக் கிடந்திருக்கலாம். இன்று தொற்று தெரிவது இன்றைய துரோகத்துக்குச் சான்றாகாது. கணவருக்கு என்று தனிப் பரிசோதனையோ மருந்தோ இல்லை. பெண் சம்மதித்தால் கணவரையும் உட்கார வைத்து, இதே வார்த்தைகளில் ஒருமுறை சொல்லிவிடுவது பல வீடுகளைக் காப்பாற்றும்.

இங்கே அதைச் செய்யவில்லை; விளைவு சீக்கிரமே தெரிந்தது. 11-ஆம் வாரத்துச் சந்திப்புக்கு அவர் போகவில்லை. காரணங்களைப் பின்னர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கடிதம் மலாயில் இருந்தது, இனிப்பு நீர்ப் புத்தகத்துக்குள் மடித்து வைத்தது மறந்துபோனது. காய் மும்முரமான மாதம். இரண்டு பஸ் மாற வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது வேறு: எதற்காக ஈப்போ என்று கணவர் கேட்டால் சொல்ல விடை இல்லை.

இந்த நிகழ்வில் எங்கள் கருத்து இதுதான்: பரிசோதனை எங்கேயும் பிழைக்கவில்லை. நோய் தப்பிப் போகப் பார்த்தது முடிவுக்கும் சிகிச்சைக்கும் இடையே. குச்சிக்குச் செலவிடும் உழைப்பில் பாதியையாவது இந்த இடைவெளிக்குச் செலவிடாத கிளினிக், புள்ளிவிவரம் சேர்க்கிறதே தவிரப் புற்றைத் தடுக்கவில்லை.

செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. தேதி குறிக்கும் முன் எந்த நாள் வசதி என்று கேட்பது. இரண்டு நாளுக்கு முன் தமிழில் ஒரு தொலைபேசி அழைப்பு. ஒரே வட்டாரத்திலிருந்து மூன்று பேர் போக வேண்டியிருந்தால் மூவருக்கும் ஒரே காலைப்பொழுதை வாங்கி, ஒரே வேனில் அனுப்புவது. முதலாளிக்குக் கொடுக்கும் கடிதத்தில் ‘மருத்துவச் சந்திப்பு’ என்று மட்டும் எழுதுவது. வராதவர் பட்டியலை மருத்துவமனையிடமிருந்து வாரந்தோறும் கேட்டு வாங்குவது. இது ஒன்றைச் செய்யாவிட்டால் மற்றவை பயனில்லை. ஏனெனில் வராதவரைப் பற்றி யாரும் தாமாகச் சொல்வதில்லை.

கோல்போஸ்கோப்பியும் லெட்ஸும்

19-ஆம் வாரம், நாத்தனார் துணைக்குப் போனார். கருப்பை வாயில் 5 விழுக்காடு அசெட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருந்து உருப்பெருக்கியில் பார்த்தபோது, மேல் உதட்டில் அடர்ந்த வெண்திட்டு தெரிந்தது. அதன் விளிம்பு முழுமையாகக் கண்ணுக்குப் புலப்பட்டது. சதைத் துணுக்கு இரண்டு எடுத்தார்கள் (பயாப்சி). முடிவு சி.ஐ.என். 3, அதாவது புற்றுக்கு முந்திய கடுமையான மாற்றம்.

சி.ஐ.என். 3-ஐச் சும்மா விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் துயரமான சான்று ஒன்று உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு காலத்தில் சிகிச்சை சரியாகத் தரப்படாத பெண்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்குப் புற்று வந்திருந்தது. சரியான சிகிச்சை பெற்றவர்களில் அது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

26-ஆம் வாரம் லெட்ஸ் என்ற சிறு அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. முதலில் கர்ப்பப் பரிசோதனை. பிறகு கருப்பை வாயில் மரத்துப் போகும் ஊசி. மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் மாற்றம் உள்ள பகுதியை ஒரே துண்டாகச் சீவி எடுப்பார்கள். இவருக்கு ஆழம் 9 மில்லிமீட்டர். உருண்டை மின்முனையால் இரத்தக் கசிவை நிறுத்துவார்கள். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அன்றே வீடு திரும்பலாம். துண்டின் விளிம்புகளில் மாற்றம் இல்லை என்று ஆய்வகம் சொன்னது.

தனித்தனி நாட்களில் பயாப்சியும் லெட்ஸும் வைத்ததால் ஏழு வாரம் கூடியது. எச்.பி.வி. 16, வெண்திட்டு அடர்த்தி, குழந்தைப்பேறு முடிந்த வயது மூன்றும் ஒன்றுசேரும்போது பார்த்த அன்றே சீவி எடுத்துவிடும் முறையும் ஏற்கப்பட்ட ஒன்று. தூரத்திலிருந்து வரும் தோட்டத்துப் பெண்களுக்கு அதுவே பொருத்தம் என்பது எங்கள் எண்ணம். ஒவ்வொரு கூடுதல் பயணமும் ஒருவரை இழக்கும் இடம்.

“மொத்தமா கர்ப்பப்பையை எடுத்துட்டா நல்லதில்லையா டாக்டர்?” என்று நாத்தனார் கேட்டார். நிறையப் பேர் கேட்கிறார்கள். வேறு காரணம் இல்லாமல் சி.ஐ.என். 3-க்குக் கருப்பையை எடுக்கத் தேவையில்லை. எடுத்தாலும் யோனிப் பகுதியில் கிருமி இருக்கலாம், கண்காணிப்பு நிற்காது.

பின்கவனிப்பில்தான் தடுமாறியது. நான்கு வாரம் உடலுறவு, ஆற்றுக் குளியல், கனம் தூக்குதல் எதுவும் கூடாது. சிவப்பும் பழுப்புமாக நீர் இரண்டு மூன்று வாரம் வடியும், அது இயல்பு. வலிக்குப் பனடோல் இரண்டு போதும். அவருக்கு எம்.சி. (மருத்துவ விடுப்பு) கிடைத்தது இரண்டு நாள். மூன்றாம் நாள் கோணியைத் தோளில் ஏற்றினார். புண்ணின் பொருக்கு உதிரும் காலம் ஏழாம் நாளுக்கு மேல். ஒன்பதாம் நாள் துர்நாற்றத்தோடு இரத்தம் படத் தொடங்கியது. கிளினிக்கில் பார்த்தபோது இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 14 மில்லிமோல், மிக அதிகம். புண் ஆறாமல் கிருமித் தொற்று. மாத்திரையில் அடங்கியது. ஆனால் லெட்ஸுக்கு முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, நான்கு வாரத்துக்கு ‘கனமில்லாத வேலை’ என்று கடிதம் கொடுத்திருந்தால், நாற்றங்காலில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு மண்டோர் மாற்றிவிட்டிருப்பார். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் நனைந்தாலோ 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பும் முன் வாயால் சொல்லுங்கள், தாளில் மட்டும் வேண்டாம்.

மகள்கள்

மலேசியாவில் பள்ளி வழியாக எச்.பி.வி. தடுப்பூசி 2010-இல் 13 வயதுப் பெண்களுக்குத் தொடங்கியது. அப்போது மூன்று தவணை, பின்னர் இரண்டாயிற்று. மூத்தவள் முதலாம் படிவத்தில் ஒரு ஊசி போட்டாள், இரண்டாவது நாளில் பள்ளிக்குப் போகவில்லை. எல்லாம் வீணாயிற்று என்று தாய் நினைத்தார். வீணில்லை. இந்தியாவில் 2009-இல் தொடங்கி இடையில் நிறுத்தப்பட்ட ஓர் ஆய்வில், ஒரே ஊசியோடு நின்றுபோன பெண்களைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். 16, 18 வகைகளின் நிலைத்த தொற்றிலிருந்து ஏறத்தாழ 95 விழுக்காடு பாதுகாப்பு இருந்தது. 9 முதல் 20 வயதினருக்கு ஒரே தவணையையும் ஏற்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. விட்டுப்போன தவணையைப் பின்னர் போட்டுக்கொள்ளலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 30 வயதில் அவளும் குச்சி எடுக்க வேண்டும். ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை.

கடைக்குட்டியின் ஒப்புதல் படிவம் பள்ளிப் பையிலேயே கிடந்தது. “இந்த வயசுப் பிள்ளைக்கு எதுக்கு?” என்று தகப்பனாருக்குத் தயக்கம். ஊசி ஏற்கெனவே உள்ள தொற்றைக் குணப்படுத்தாது. கிருமி வரும் முன்பே போட வேண்டும். 9 முதல் 14 வயதில் உடம்பு தரும் எதிர்ப்பும் வலுவானது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்று 87 விழுக்காடு குறைந்ததாக 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. மலட்டுத்தன்மை வரும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. பெரும்பாலும் கையில் வலி, சிலருக்கு மயக்கம், அவ்வளவே. மயக்கம் பெரும்பாலும் ஊசிப் பயத்தால். விடியுமுன் பஸ் பிடிக்க வெறும் வயிற்றோடு வரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அன்று காலையில் எதையாவது சாப்பிடக் கொடுத்து அனுப்புங்கள். போட்டபின் 15 நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளி முடித்து, முதலாம் படிவத்துக்கு முந்திய புகுமுக வகுப்பில் இருக்கும் பெண்ணின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பெற்றோர் ஆசிரியரிடம் நேரில் கேட்பது நல்லது. பள்ளியை விட்டு நின்றவளுக்கு கிளினிக்கில்தான் கேட்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்து

லெட்ஸுக்கு ஆறு மாதத்துக்குப் பின் எடுத்த பரிசோதனையில் எச்.பி.வி. 16 இல்லை. மற்ற 12 வகைகளில் ஒன்று இருப்பதாக வந்தது. சிகிச்சைக்குப் பின் எந்த வகை தெரிந்தாலும் கோல்போஸ்கோப்பி வேண்டும் என்பதால் மீண்டும் ஈப்போ. இந்த முறை கணவரே லோரிக்கு லீவு போட்டு அழைத்துப் போனார். மாற்றம் எதுவும் தெரியவில்லை. அடுத்த பரிசோதனை 12 மாதத்தில். சி.ஐ.என். 3-க்குச் சிகிச்சை பெற்றவர் மற்றவரைப் போல ஐந்தாண்டு இடைவெளிக்கு உடனே திரும்ப முடியாது. குறைந்தது 25 ஆண்டுகள் கண்காணிப்பு வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. அவருக்கு 68 வயதாகும் வரை அந்தப் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும், இரண்டு தொலைபேசி எண்களோடு. எண்களை ஒவ்வொரு மாத்திரை நாளிலும் சரிபார்க்க வேண்டும்.

துணைக்குப் போன நாத்தனாருக்கு வயது 38, அதுவரை எந்தப் பரிசோதனையும் எடுத்ததில்லை. அதே கிளினிக்கில் குச்சி எடுத்தார், தொற்று இல்லை.